எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? மருத்துவ ஆய்வுகள்: வாசகர் கேள்விகள்

வழக்கமான எச்சரிக்கை முதலில். இங்கே படித்ததை வைத்து யாரும் எந்த மாத்திரையையும் தானாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

எனக்கு 72 வயது. இதயக் கோளாறு எதுவும் இல்லை. நண்பர் சொன்னதால் தினமும் சின்ன ஆஸ்பிரின் போடுகிறேன். தொடரலாமா? (ஈரோடு)

நண்பர் சொன்னார் என்று ரத்தத்தை இளக்கும் மாத்திரையை யாராவது ஆரம்பிப்பார்களா? 2018இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வில், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உங்களைப் போல இதய நோய் இல்லாத முதியவர்கள் சுமார் 19,000 பேரை ஏறக்குறைய ஐந்து வருடம் கவனித்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் சொல்லும்படி குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவுதான் கூடியது: நூற்றுக்கு 3 பேர் என்றிருந்தது 4 ஆனது. உங்கள் டாக்டரிடம் இந்த மாத்திரையைச் சொல்லி, அவர் முடிவுப்படி செய்யுங்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இந்த ஆய்வு பொருந்தாது. அவர்கள் ஒரு வேளை கூட விடக்கூடாது.

முதுகுப் பிடிப்புக்கு பாராசிட்டமால் வேலை செய்யாதாமே? (விருதுநகர்)

ஆம். 2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் முதுகுவலி வந்த 1,600க்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தார்கள். மருந்தே இல்லாத டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே இரண்டரை வாரத்தில் தேறிவிட்டார்கள். காய்ச்சலுக்கு அது நல்ல மருந்துதான்.

ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நூறில் 26 பேருக்கு வருமா? பயந்து நிறுத்திவிட்டேன். (கும்பகோணம்)

என்ன மாத்திரை, எத்தனை வருடமாக, கருப்பை எடுத்தாயிற்றா இல்லையா, எதையுமே எழுதவில்லை. இருந்தாலும் இது அவசியமான கேள்வி. நான் பல வருடமாகக் கத்திக்கொண்டிருக்கும் விஷயமும் இதுதான்.

அந்த 26 சதவீதம், அமெரிக்காவில் மாதவிடாய் நின்றுபோன 16,000க்கும் அதிகமான பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது. டம்மி மாத்திரை எடுத்த 10,000 பெண்களில் ஒரு வருடத்தில் சுமார் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் 38 பேருக்கு. கூடுதல் 8 பேர். 30க்கு 8 என்பது சுமார் 26 சதவீதம், 10,000க்கு 8 என்பது ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. இரண்டும் ஒரே உண்மைதான். ஆனால் முதலாவதை மட்டும் சொன்னால் உலகமே பயந்துபோகும், அப்படித்தான் ஆனது. கருப்பை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த பிரிவில் இந்தக் கூடுதலே இல்லை என்பதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

மருந்து விற்கும் பக்கமும் இதே வேலை நடக்கிறது. கொழுப்பைக் குறைக்கும் ஒரு மாத்திரைக்கு ‘மாரடைப்பு 36 சதவீதம் குறையும்’ என்று பெரிய எழுத்தில் விளம்பரம் வந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்த அந்த ஆய்வில், மூன்று வருடத்தில் மாரடைப்பு வந்தவர்கள் நூற்றுக்கு 3 பேரிலிருந்து 2 பேராகக் குறைந்தார்கள். ஒருவர் தப்பினார், அதுவும் நல்லதே. இப்போது சென்னையில் நடந்து 2006இல் வெளியான சர்க்கரை நோய் தடுப்பு ஆய்வைப் பாருங்கள். சர்க்கரையின் எல்லையில் நின்ற 500 சொச்சம் பேர். சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்று வருடத்தில் சர்க்கரை நோய் வந்தது, நடையும் உணவுக் கட்டுப்பாடும் கடைப்பிடித்தவர்களில் 39 பேருக்கு. சதவீதக் கணக்கில் 28தான், 36ஐ விடச் சின்னதாகத் தெரியும். ஆனால் தப்பியவர்கள் நூற்றுக்கு 16 பேர்! மாரடைப்பும் சர்க்கரையும் ஒன்றல்ல, சரி. ஆனாலும் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று கேட்காதவரை எந்தச் சதவீதத்தையும் நம்பாதீர்கள். என் மேஜைக்கு வரும் பளபள கையேடுகளில் பலன் சதவீதத்திலும் பக்கவிளைவு ‘ஆயிரத்தில் ஒருவர்’ என்றும் இருக்கும். ஒரே பக்கத்தில் இரண்டு கணக்கு. மருத்துவம் படித்தவர்களே இதில் விழுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

அம்மா, நீங்கள் தானாக நிறுத்தியது தவறு. மகப்பேறு மருத்துவரைப் போய்ப் பாருங்கள்.

அப்பாவுக்கு 76 வயது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 7.6. அதை 5.5க்குக் கொண்டுவர என்ன வழி? (திருநெல்வேலி)

கொண்டுவர வேண்டாம். 10,000 சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த அக்கார்டு ஆய்வில், 6க்குக் கீழே இறக்கப் பார்த்த பிரிவில் மரணங்கள் அதிகமானதால் 2008இல் அந்தச் சிகிச்சையையே பாதியில் நிறுத்தினார்கள். இந்த வயதில் 7.6 பல பேருக்குப் போதும். அப்பா என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், லோ சுகர் வந்திருக்கிறதா என்று எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் நான் என்ன சொல்ல? லோ சுகரால் ராத்திரியில் வியர்த்துக் கொட்டி எழுகிறாரா என்று முதலில் அவரையே கேளுங்கள்.

மூட்டுத் தேய்மானம். ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கருவி விடுவது) போட்டு உள்ளே கழுவிச் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள். (சேலம்)

அமெரிக்காவின் ஹூஸ்டனில் 180 பேரிடம் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குத் தோலில் கீறல் மட்டும். உள்ளே கருவி போகவில்லை. ஆனால் டாக்டர் ஒவ்வொரு கருவியாகக் கேட்டு வாங்கினார், காலை மடக்கி நீட்டினார், கழுவுகிற சத்தம் கேட்க தண்ணீரைத் தெளித்தார்கள். இரண்டு வருடம் கழித்து வலியிலும் நடையிலும் நிஜ ஆபரேஷன் செய்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. தேய்மானத்துக்கு மட்டும் என்றால் செய்துகொள்ளாதீர்கள். தொடைத் தசைப் பயிற்சி, எடை குறைப்பு.

என் தம்பிக்கு டிபி. வீட்டிலேயே வைத்துக்கொண்டால் குழந்தைகளுக்கு ஒட்டாதா? (கடலூர்)

இதற்கு உலகத்துக்கே பதில் சொன்னது சென்னை. 1956இல் தொடங்கிய ஆய்வில் ஒரு பாதிப் பேர் சானடோரியம் என்ற டிபி மருத்துவமனையில், மறு பாதி நெருக்கடியான தங்கள் வீடுகளில். மருந்து ஒன்றே. குணமானவர்கள் ஏறக்குறைய சமம், வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகவும் ஒட்டவில்லை. அப்புறம்தான் வீட்டுச் சிகிச்சை உலக வழக்கமானது. ஆகாரமும் முக்கியம்: ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், குடும்பத்தாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை கொடுத்ததில் புதிதாக டிபி வந்தவர்கள் ஆயிரத்துக்கு 26 பேரிலிருந்து 17 ஆகக் குறைந்தார்கள். குழந்தைகளை உடனே பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். தம்பி மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது.

ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். பயமாக இருக்கிறது. (கோவை)

நான்கு விஷயம் கேளுங்கள். இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் தருவீர்களா, பாதிப்பு வந்தால் சிகிச்சையும் இழப்பீடும் யார் பொறுப்பு. பதிவு எண்ணை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. நான்குக்கும் நேரான பதில் கிடைத்தால், வீட்டில் பேசிவிட்டுச் சேருங்கள்.