40,000 ரவுண்டு சுட்ட .22 பேரல்: மாற்ற அவசரப்படாதீர்கள்

வணக்கம். பழைய .22 எல்ஆர் ரைஃபிள், 40,000 ரவுண்டு சுட்டது, 50 மீட்டரில் குரூப் (இலக்கில் குண்டுகள் விழும் பரப்பு) திடீரென விரிகிறது, பேரல் (குழல்) தேய்ந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. .22-இன் உச்ச அழுத்தம் சுமார் 24,000 பிஎஸ்ஐ; .223 என்ற வேகமான ரைஃபிள் தோட்டாவுக்கு 55,000. குண்டும் மெழுகு பூசிய மென்மையான ஈயம். ஒழுங்காகப் பராமரித்தால் லட்சம் ரவுண்டு தாண்டியும் நன்றாகவே சுடும். தேய்மானம் திடீரென்று வராது, மெல்ல மெல்லத்தான் வரும்.

முதலில் சேம்பருக்கு (தோட்டா அமரும் அறை) சற்று முன்னால் பாருங்கள். கரியும், தோட்டாவைப் பற்றவைக்கும் ப்ரைமரிலுள்ள கண்ணாடித்தூளும் சேர்ந்து அங்கே கெட்டியான வளையமாகப் படியும். தோட்டா உள்ளே போக இறுகினால் அதுதான் அடையாளம். ரைஃபிள் காலி என்று உறுதிசெய்து போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் பகுதி) கழற்றுங்கள். கார்பன் கரைப்பானை 15 நிமிடம் ஊறவிட்டு, வெண்கல பிரஷ்ஷை அந்த இடத்தில் முன்னும் பின்னும் ஓட்டி, துணியால் துடையுங்கள். பிரஷ் மாட்டிய கம்பியைப் பின்பக்கத்திலிருந்து, போர் கைடு (கம்பியைக் குழலின் நடுவில் நிறுத்தும் குழாய்) வழியாக மட்டுமே விடுங்கள். முன்வாயிலிருந்து கம்பி விடுவதுதான் பேரலைக் கொல்லும்: வாய் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் குண்டு கோணிப் போகும்.

சுத்தம் செய்தபின் முதல் 10, 20 ரவுண்டு சிதறும். மெழுகு மறுபடி படிந்த பிறகு குரூப்பை அளவெடுங்கள். அப்போதும் விரிந்தால் ஆக்ஷன் திருகுகளையும் (ரைஃபிளைக் கட்டையோடு பிணைப்பவை) ஸ்கோப் மவுண்டையும் பாருங்கள், வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) தோட்டாவையும் சுட்டுப் பாருங்கள்.