எல்லோரும் என்றால் யார்?

கேள்வி: கத்திரி வெயிலில் சென்னையில் ஏசி இல்லாமல் இருக்க முடியவில்லை. செட்டிநாட்டில் எங்கள் ஊரான பள்ளத்தூருக்கு வந்து, எங்கள் ஐயா காலத்து வீட்டில் வளவை (நடு முற்றத்தை) ஒட்டிப் பாய் விரித்தால் மதியமே தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது. நம் முன்னோர் போல எல்லோரும் வீடு கட்டினால் வெப்ப அலையைச் சமாளித்துவிடலாம்தானே? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: வீட்டை இடிக்காமல், தூணையும் நிலையையும் பிரித்து பழம்பொருள் கடைக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த ‘எல்லோரும்’ என்னை மேலே போகவிடவில்லை.

உங்கள் வீடு கட்டப்பட்ட நாளிலேயே அது எல்லோருக்குமான வீடு இல்லை. அதற்குச் சுண்ணாம்பு அரைத்தவர்களும் கல் சுமந்தவர்களும் ராத்திரி ஓலைக் குடிசைக்குத்தான் போனார்கள். ஓலையாவது வெயிலைத் தடுத்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் பலர் இன்று ஆஸ்பெஸ்டாஸ் சீட்டுக்குக் கீழே படுக்கிறார்கள். மதியம் இரண்டு மணிக்கு அப்படி ஒரு வீட்டுக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும்.

அப்புறம், உங்கள் வீட்டுத் தூணில் இருக்கும் அந்தப் பர்மாத் தேக்குக்கு எல்லோரும் எங்கே போவது? பர்மாவில் காடு இருந்தது, அங்கே வட்டிக்கடை நடத்திய நம் செட்டிநாட்டுச் செட்டியார்களிடம் பணம் இருந்தது. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் நெல் வயலாக மாறியதில் நம் வட்டிக்கடைப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. உலகப் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாமல் போக, 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் சுமார் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. அதே கழிமுகத்தில்தான் 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்து, ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். கரையோர அலையாத்திக் காடு அழியாமல் இருந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். முன்னோர் பெருமை பேசும் கூட்டங்களில் நான் இதைச் சொல்லும்போதெல்லாம் சிலர் எழுந்து போகிறார்கள். போகட்டும். வீட்டின் கணக்கை எழுதினால் முழுக் கணக்கையும் எழுத வேண்டும்.

சரி, வீட்டுக்குள் வருகிறேன். தடித்த சுவர் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. ராத்திரி வளவு வழியாக இறங்கும் குளிர்ந்த காற்றில் அதை வெளியே விடுகிறது. காலையில் சுவர் மறுபடி வெறுமையாக நிற்கிறது. உங்கள் மதியத் தூக்கம் முந்தின ராத்திரி குளிர்ந்ததால் கிடைத்தது. ராத்திரி குளிராவிட்டால் அந்தச் சுவரும் கைவிடும். பருவநிலை மாற்றத்தில் எனக்கு மிகப் பெரிய பயம் இந்த ராத்திரிச் சூடுதான். செய்தியில் பகல் உச்சத்தை மட்டும் சொல்கிறார்கள். 2024இல் உலகச் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. அதில் ராத்திரிகளும் சேர்த்தி. பகலெல்லாம் சித்தாள் வேலை பார்த்த உடம்பு தூக்கத்தில்தான் ஆற வேண்டும். அது ஆறாமலே மறுநாள் வேலைக்குப் போகிறது. வெப்பத்தால் வரும் சாவுகளில் பல இப்படித்தான் வருகின்றன, இருதயம் நின்றது என்று எழுதி முடித்துவிடுகிறோம்.

நெல்லுக்கும் இதே கதி. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் நடந்த ஆய்வு 2004இல் வந்தது. ராத்திரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் மகசூல் பத்து சதவீதம் குறைகிறது என்றது. நம் கண்மாய்ப் பாசன வயலில் தண்ணீர்க் கவலையோடு இதுவும் சேர்கிறது.

ராத்திரியைக் குளிர வைத்தவை வீட்டுக்கு வெளியே இருந்தன: ஊருணி, அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த வரத்துக்கால், மண் தெரு, தெருவோர வேம்பு. இதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பல தடவை எழுதிவிட்டேன். வளர்ச்சிக்கு எதிரி என்று திட்டிக் கடிதங்களும் வந்தன. மறுபடியும் எழுதுகிறேன்: கோயில் வாசலில் சுவரிலிருந்து சுவர் வரை பேவர் பிளாக் பதிப்பது அநியாயம். மழைத் தண்ணீர் கீழே இறங்குவதில்லை. வெயிலில் பால்குடம் எடுத்து வெறுங்காலோடு வரும் பெண்களின் பாதம் வெந்து போகிறது. முதல் நாள் டேங்கர் தண்ணீர் தெளித்துவிட்டுப் பக்தர்களுக்கு வசதி செய்தோம் என்கிறோம்.

சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைப் பாருங்கள். அங்கே வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு செய்தும், மழை தவறிக் கண்மாய் வறண்டால் பறவைக்கு இரை ஏது? பெட்ரோலையும் நிலக்கரியையும் அதிகம் எரிக்காத ஒரு சின்ன ஊர், மற்றவர்கள் எரித்ததற்கும் சேர்த்து ஈடு கொடுக்க வேண்டியிருக்கிறது.

வெப்ப அலையை 2024இல் தமிழக அரசு மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் இறப்பதற்கு முன்னால் அந்த ஆளுக்கு வேண்டியது மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கூலி பிடிக்காத ஓய்வு, பக்கத்தில் நிழல், குடிக்கத் தண்ணீர். உங்கள் ஊர் வீட்டில் மராமத்து வேலை நடந்தால் இதை நீங்களே தொடங்கலாம். யார் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அந்த வீட்டைப் பார்த்து உயரமான கூரை, தடித்த சுவர், காற்று வரும் முற்றம் என்று கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அரசு கட்டித் தரும் சின்ன வீடுகளிலேயே அதைச் செய்யலாம். கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே உள்ளே சூடு குறையும். செலவு அதிகமில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது உங்கள் ஊருணிக்கு வரும் வரத்துக்கால் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, அதன் மேல் என்ன கட்டியிருக்கிறார்கள் என்று நடந்து பார்த்து எழுதுங்கள். படத்தோடு அனுப்பினால் முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.