அடிமை முறை பத்தின பழைய படங்க, மங்கலான திருட்டு டிஸ்க்: வாங்குறவங்க கேள்வியும் பதிலும்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். 1960, 70கள்ல அமெரிக்காவுலயும் இத்தாலியிலயும் அடிமை முறையோட கொடுமையைக் காட்டுறோம்னு சொல்லி, சவுக்கடியையும் நிர்வாணத்தையும் போஸ்டர்ல போட்டு காசு பாத்த படங்க இருக்கு இல்லையா, அதுங்களோட டிஸ்க்க ஆன்லைன்ல வாங்கி ஏமாந்தவங்க, வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க எல்லாரும் எழுதியிருக்காங்க. தனித்தனியா பதில் எழுதுனா சொன்னதையே திரும்பத் திரும்ப சொல்ற மாதிரி ஆயிடும், அதனால மொத்தமா இங்கயே எழுதிடுறேன்.

கேள்வி: அண்ணே, 'குட்பை அங்கிள் டாம்' படத்தோட டிவிடி, வெட்டாத முழுப் படம், ரீமாஸ்டர்னு போட்டிருந்துச்சு, வெளிநாட்டு விற்பனையாளர்கிட்ட நல்ல விலை குடுத்து வாங்குனேன். போட்டுப் பாத்தா படம் கலங்கலா இருக்கு, கீழ ஏதோ புரியாத மொழியில சப்டைட்டில் ஒட்டிக்கிட்டு போகவே மாட்டேங்குது, நடுநடுவுல கலர் வேற மாறுது. இது ஒரிஜினலா?

பதில்: இல்ல தம்பி. நீங்க சொன்ன அடையாளம் எல்லாமே பழைய வீடியோ கேசட்ல இருந்து எடுத்த காப்பின்னுதான் காட்டுது. ஆஃப் பண்ண முடியாத சப்டைட்டில்னா அது ஏதோ ஒரு நாட்டு வாடகைக் கேசட்ல படத்தோடயே பதிஞ்சு வந்தது. கலர் மாறுறதுக்குக் காரணம் ரெண்டு மூணு கேசட்ட வெட்டி ஒட்டியிருக்காங்க, இங்கிலீஷ் டப்பிங் ஒரு கேசட்ல இருந்து, அதுல இல்லாத சீன் எல்லாம் இத்தாலி கேசட்ல இருந்து. இதைத்தான் 'முழுப் படம்'னு விக்கிறாங்க.

டிஸ்க்கத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. ஊதா இல்ல நீலச் சாயம் அடிச்ச மாதிரி இருந்தா அது கம்ப்யூட்டர்ல எரிச்ச டிவிடி-ஆர். ஃபேக்டரில அச்சடிச்சது வெள்ளியா இருக்கும், ரெண்டு லேயர் இருந்தா லேசா தங்கக் கலர் அடிக்கும், நடு ஓட்டைய சுத்தி இருக்குற வளையத்துல பொடியா நம்பர் பொறிச்சிருப்பாங்க. ஆனா ஒண்ணு, டிவிடி-ஆர்னாலே திருட்டுன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஹாலிவுட் வார்னர் கம்பெனியோட வார்னர் ஆர்க்கைவ் 2009-ல இருந்து ஆர்டர் வந்தா மட்டும் எரிச்சுக் குடுக்குற டிஸ்க்க முறைப்படியே வித்திருக்காங்க. கவர்ல கம்பெனி பேரு, உரிமை யாருதுங்கிற வரி, எங்க இருந்து லைசென்ஸ் வாங்குனதுங்கிறது, இதெல்லாம் சேத்துப் பாக்கணும். திருட்டுக் கவர்ல அந்த இடம் பெரும்பாலும் காலியா கிடக்கும், இல்லன்னா படிக்கவே முடியாத சைஸ்ல ஏதோ இருக்கும்.

இந்தப் படத்தப் பொறுத்தவரைக்கும் முறைப்படி வந்த நல்ல பதிப்பு இருக்கு. புளூ அண்டர்கிரவுண்டுங்கிற அமெரிக்க கம்பெனி 2003-ல இந்தப் படத்த எடுத்த ரெண்டு இத்தாலி டைரக்டருங்களோட மோண்டோ படங்க (அதிர்ச்சி குடுக்கவே டாக்குமெண்டரி மாதிரி எடுத்த படங்க) எல்லாத்தையும் 8 டிஸ்க் பெட்டியா போட்டாங்க, அதுல இந்தப் படத்தோட இங்கிலீஷ் வடிவம், இத்தாலி வடிவம் ரெண்டுமே தனித்தனி டிஸ்க்ல இருக்கு. செகண்ட் ஹேண்ட்ல தேடுறதா இருந்தா அதைத் தேடுங்க. இன்னொண்ணு, ஒரே படம் மூணு பேர்ல சுத்துது: 'அடியோ ஸியோ டாம்', 'குட்பை அங்கிள் டாம்', 'ஃபேர்வெல் அங்கிள் டாம்'. வேற படம்னு நெனச்சு ரெண்டாவது தடவை காசு குடுத்துடாதீங்க.

கேள்வி: எங்கிட்ட இருக்குற காப்பி 118 நிமிஷம்தான் ஓடுது. நெட்ல 123, 136-னு ரெண்டு கணக்கு சொல்றாங்க. வெட்டிட்டாங்களா?

பதில்: உங்களோடது ஐரோப்பா கேசட்ல இருந்து வந்திருந்தா வெட்டாமயே 118 வரும். சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஐரோப்பா பால் முறை டிவி 25 ஃப்ரேம், அதனால படம் நாலு சதவீதம் வேகமா ஓடும், குரலும் கொஞ்சம் கீச்சுன்னு கேக்கும். 123 நிமிஷப் படம் 118 ஆகும், 136 நிமிஷப் படம் 130 பக்கம் வரும். அதனால நிமிஷத்த மட்டும் வெச்சு சண்டைக்குப் போகாதீங்க, பால் முறையா, அமெரிக்காவோட என்டிஎஸ்சி முறையான்னு மொதல்ல கேளுங்க.

ஆனா 123-க்கும் 136-க்கும் நடுவுல இருக்குறது வேகம் இல்ல, அது நெஜமான வெட்டு. 1971 இத்தாலி வடிவத்துல அடிமைக் காலத்தையும் அப்போதைய அமெரிக்கக் கறுப்பின எழுச்சியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டியிருந்தாங்க. இது அரசியலா பத்திக்கும்னு பயந்து அமெரிக்காவுல வெளியிட்டவங்க 13 நிமிஷத்துக்கு மேல எடுக்க வெச்சுட்டாங்க. சவுக்கடியும் நிர்வாணமும் அப்படியே இருக்கு, அரசியல்தான் போச்சு. அந்த அரசியல் சரின்னு நான் சொல்லல, அதுலயும் எனக்கு நிறைய தகராறு இருக்கு, ஆனா எதை வெட்டுனாங்க எதை விட்டாங்கன்னு பாத்தா இந்த வியாபாரம் என்னன்னு தெரிஞ்சிடும். விளம்பரத்துல 'வெட்டாதது'ன்னு போடுறவங்ககிட்ட எந்த வடிவத்துல வெட்டாததுன்னு கேட்டு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க.

கேள்வி: சார், 'மாண்டிங்கோ' வாங்கலாம்னு இருக்கேன். ரொம்ப கம்மி விலைக்கு ஒரு காப்பி கிடைக்குது. கதை புரிஞ்சா போதும், குவாலிட்டி எதுக்குன்னு நண்பர் சொல்றாரு. உங்க கருத்து?

பதில்: உங்க நண்பர் சொல்றத நான் ஒத்துக்கவே மாட்டேன், அதுவும் இந்த மாதிரி படத்துக்கு.

'மாண்டிங்கோ' 1975-ல வந்தது, ரிச்சர்ட் ஃப்ளைஷர் டைரக்ஷன், டினோ டி லாரன்டிஸ் தயாரிப்பு, பாரமவுண்ட் வெளியீடு. அடிமையா நடிச்ச கென் நார்ட்டன் குத்துச்சண்டை வீரர், 1973-ல முகமது அலியோட தாடைய ஒடைச்சவரு. லூசியானாவுல நெஜமாவே பழைய ஒரு தோட்டத்து மாளிகையில எடுத்தாங்க. வீடு பூரா பாழடைஞ்சு இருட்டா இருக்கும், வேணும்னேதான் அப்படி எடுத்திருக்காங்க, அந்தப் பெரிய வீட்டுப் பெருமை எல்லாம் அழுகிக் கெடக்குங்கிறத அந்த இருட்டுதான் சொல்லுது. இப்ப இதை கேசட்டுக்கு கேசட் காப்பி எடுத்தா மொதல்ல போறது என்ன? இருட்டுல இருக்குற விவரம். வெளுத்த முகம் எப்படியோ தெரிஞ்சிடும். கறுப்பு நடிகருங்களோட முகம், கண்ணு, அவங்க வாய் தொறக்காம காட்டுற கோபம் எல்லாம் ஒரே கறுப்புத் திட்டா ஆயிடும். அடிமைப்பட்டவங்க கதைய சொல்ற படத்துல அடிமைப்பட்டவங்க முகத்தையே அழிச்சிட்டு, முதலாளி முகத்த மட்டும் மிச்சம் வெச்சு விக்கிற காப்பி அது. இதை வெறும் குவாலிட்டி பிரச்சனைன்னு சொல்ல எனக்கு மனசு வரல, படத்தோட அர்த்தமே இங்க தலைகீழா போகுது.

விமர்சகருங்க இந்தப் படத்துல ரெண்டா பிரிஞ்சு நிக்கிறாங்க. ரோஜர் ஈபர்ட் ஒரு ஸ்டார் கூட குடுக்கல, ராபின் வுட் மாதிரி ஆளுங்க ஹாலிவுட் இன விஷயத்துல எடுத்ததுலயே பெரிய படம்னு தூக்கிப் பிடிச்சாங்க. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணணும்னா முகம் தெரியுற காப்பி வேணும். ஆனா 'ஏஐ 4கே'ன்னு போட்டு வர்றத தொடாதீங்க, அதே கேசட்ட கம்ப்யூட்டர்ல ஊதிப் பெருசாக்கி முகத்த மெழுகு மாதிரி வழிச்சு வெச்சிருப்பாங்க. கேசட்ல இல்லாத விவரம் எங்கயிருந்தும் வராது, அங்க மெஷின் இஷ்டத்துக்கு வரைஞ்சு வெக்குது.

அகலத்தையும் பாத்துக்கோங்க. 'குட்பை அங்கிள் டாம்' எடுத்தது உயரத்தப் போல 2.35 மடங்கு அகலத்துல, கேசட்டு பழைய டிவி சைஸ், 1.33 மடங்குதான், அதுக்குள்ள திணிக்க பக்கவாட்டுல வெட்டுனா படத்துல 43 சதவீதம் காணாமப் போகும். கும்பல் கும்பலா ஆளுங்க நிக்கிற படம் அது, கும்பலே போயிடும்.

கேள்வி: இந்த மாதிரி படத்த வாங்குறதே தப்பு இல்லையா? வீட்டுல பெரிய சண்டையே ஆயிடுச்சு. நான் வரலாறு தெரிஞ்சுக்கத்தான் வாங்குனேன்.

பதில்: வீட்டுல கேட்டது நியாயமான கேள்விங்க, அதை ஒதுக்கிடாதீங்க.

'குட்பை அங்கிள் டாம்' எங்க எடுத்தாங்கன்னு தெரிஞ்சா உங்களுக்கே வயிறு கலங்கும். ஹைட்டில, சர்வாதிகாரி பிரான்சுவா டுவாலியே, பாப்பா டாக்னு சொல்வாங்களே, அவர் ஆட்சியில, அவர் உதவியோட. டைரக்டருங்க குவால்டியேரோ ஜாகோபெட்டியும் பிராங்கோ பிராஸ்பெரியும் ஆளு வேணும்னு கேட்டா கூட்டம் கூட்டமா ஆளு வந்தாங்க. அவங்களை சங்கிலில கட்டி, துணி இல்லாம கப்பல் அடித்தட்டுல அடுக்கி, கொழந்தைங்களையும் சேத்து படம் எடுத்தாங்க. அந்த மாதிரி ஒரு ஆட்சியில, அந்த வறுமையில, முடியாதுன்னு சொல்ற வசதி யாருக்கு இருந்திருக்கும்? இதே ஹைட்டிதான் அடிமைகளே கிளர்ச்சி பண்ணி பிரெஞ்சு படைய தோக்கடிச்சு 1804-ல சுதந்திரம் வாங்குன நாடு. அவங்க பேரப்பிள்ளைங்களுக்கு மறுபடியும் சங்கிலி மாட்டி, அடிமை முறைய கண்டிக்கிற படம்னு சொன்னாங்க. 1972-லயே ஈபர்ட் இதைத்தான் கேட்டாரு, நடிச்ச ஹைட்டி மக்களை இவங்களே சுரண்டலையான்னு. என் நெலப்பாடும் அதேதான்.

அதுக்காக யாரும் பாக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. சினிமா வரலாறு படிக்கிறவங்க, அடிமை முறைய மத்தவங்க எப்படி வித்தாங்கன்னு ஆராயறவங்க பாக்கணும், ஆனா எப்படி எடுத்தாங்கங்கிற விவரம் சேர்ந்த பதிப்புல பாக்கணும். 2003 பெட்டில அந்த டைரக்டருங்கள பத்தின டாக்குமெண்டரி ஒண்ணும் இருக்கு. திருட்டு டிஸ்க்ல அதெல்லாம் கிடையாது, கவர்ல கட்டிப் போட்ட பொண்ணு படம்தான் இருக்கும்.

வரலாறுதான் உங்களுக்கு வேணும்னா மொதல்ல வேற படத்துக்குப் போங்க. எத்தியோப்பியாவுல பொறந்த ஹைலே கெரிமா 1993-ல எடுத்த 'சங்கோஃபா'. அடிமைங்கள மனுஷங்களா, திட்டம் போடுறவங்களா, எதுத்து நிக்கிறவங்களா காட்டுன படம். அமெரிக்காவுல பெரிய விநியோகஸ்தருங்க யாரும் எடுக்கல, அவரே தியேட்டர வாடகைக்கு எடுத்து ஊர் ஊரா ஓட்டுனாரு. வாஷிங்டன்ல ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்கு எதிர்ல அந்தப் படம் பேர்லயே புத்தகக் கடை வெச்சிருக்காரு. 2021-ல புதுப்பிச்சு நெட்ஃபிளிக்ஸ்ல வந்துச்சு. இந்த மாதிரி ஆளோட படத்துக்கு திருட்டு டிஸ்க் வாங்குனா நேரா அவர் பாக்கெட்ல இருந்து எடுக்குற மாதிரி, அதனால இதை மட்டுமாவது ஒரிஜினலா வாங்குங்க.

கேள்வி: 'அங்கிள் டாம்ஸ் கேபின்' 1965 படம் ரெண்டு விதமா பாத்தேன், ஒண்ணுல இருக்குற ஆபாச சீன் இன்னொண்ணுல இல்ல. எது ஒரிஜினல்?

பதில்: ஆபாசம் இல்லாததுதான். கேசா வான் ராட்வானி டைரக்ஷன்ல, மேற்கு ஜெர்மனி, யூகோஸ்லாவியா எல்லாம் சேந்து 70 எம்எம்ல எடுத்த படம் அது. அமெரிக்காவுல வெட்டிச் சுருக்கி ஓட்டுனாங்க, அப்புறம் 'மாண்டிங்கோ' நல்லா ஓடுனதும் அதே சூட்டோட சூடா ஆல் ஆடம்சன்ங்கிறவர வெச்சு புதுசா சீன் எடுத்து நடுவுல சொருகி மறுபடியும் விட்டாங்க. விக்கிறவர்கிட்ட எந்த வடிவம்னு கேக்காம வாங்காதீங்க.

கேள்வி: இந்தப் படங்க எல்லாம் பப்ளிக் டொமைன், யாரு வேணா விக்கலாம்னு கடைக்காரர் சொல்றாரே?

பதில்: பொய். அமெரிக்காவுல பல வெளிநாட்டுப் படங்களுக்கு ஃபார்மாலிட்டி சரியா பண்ணாததால உரிமை இல்லாம கெடந்துச்சு, 1996 ஜனவரி 1-ல இருந்து, சொந்த நாட்டுல உரிமை முடியாத படங்களுக்கு அது சட்டப்படி திரும்ப வந்துடுச்சு. பழைய கேசட் வியாபாரிங்க இன்னும் அந்தப் பழைய கதையையே சொல்லிட்டிருக்காங்க. நம்ம நாட்டுல சினிமாவுக்கு 60 வருஷம் உரிமை, வெளியான அடுத்த வருஷத்துல இருந்து கணக்கு. 1971 படத்துக்கு 2031 முடியுற வரைக்கும், 1975 படத்துக்கு 2035 முடியுற வரைக்கும்.

கேள்வி: காசு திரும்ப வாங்க வழி இருக்கா? விற்பனையாளர் ரிட்டர்ன் கிடையாதுன்னு சொல்லிட்டாரு.

பதில்: விக்கிறவர் இந்தியாவுல இருந்தா வழி இருக்கு. 2020 இ-காமர்ஸ் விதிப்படி, பொருள் பழுதா இருந்தாலோ விளம்பரத்துல சொன்ன மாதிரி இல்லன்னாலோ திருப்பி எடுக்க மாட்டேன், காசு தர மாட்டேன்னு விற்பனையாளர் சொல்ல முடியாது. விளம்பரப் பக்கத்த இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, அவர் அழிச்சிடுவாரு. டிஸ்க் அடிப்பக்கம், கவர், ஓடுற படம், மூணையும் போட்டோ எடுங்க. மொதல்ல எழுத்துல புகார் பண்ணுங்க, அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்க. அதுலயும் நடக்கலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், பொருளுக்குக் குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும் இருந்தா கட்டணம் இல்ல, நீங்க குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

கூடவே காப்பிரைட் சட்டம் 52ஏ பிரிவையும் சொல்லுங்க. விக்கிற வீடியோ மேல தயாரிச்சவர் பேரு, முகவரி, உரிமையாளர் பேரு, லைசென்ஸ் வாங்குனதுக்கான அறிவிப்பு எல்லாம் இருக்கணும்னு அதுல இருக்கு. தமிழ்நாட்டுல 2004-லயே திருட்டு வீடியோ வியாபாரத்த குண்டர் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, அதை ஞாபகப்படுத்துனாலே பல பேரு சத்தமில்லாம காசத் திருப்பி அனுப்பிடுவாங்க.

விக்கிறவர் வெளிநாட்டுல இருந்தா நம்ம ஆணையத்த வெச்சு காசு வாங்குறது கஷ்டம். கார்டுல கட்டியிருந்தா பேங்க்ல டிஸ்ப்யூட் போடுங்க, 'ஒரிஜினல்னு விளம்பரம், வந்தது எரிச்ச டிஸ்க்'னு ஒரே வரியில தெளிவா எழுதி போட்டோவ சேத்து அனுப்புங்க. தாமதம் பண்ணாதீங்க, ஒவ்வொரு பேங்க்குக்கும் ஒரு கெடு இருக்கு. டூப்ளிகேட்னு தெரிஞ்சே வாங்குனவங்க மட்டும் இதுக்குப் போகாதீங்க, சேட்ல நீங்க கேட்டதெல்லாம் அவர்கிட்டயும் இருக்கும்.