வாத்தியாரிடம் கேளுங்கள்: வேலிக்கு அந்தப் பக்கம்

சென்ற இதழில் டானி என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியரைப் போகிறபோக்கில் குறிப்பிட்டீர்கள். யார் அவர்?
(கல்லூரி மாணவி, தங்கச்சிமடம்)

ரிச்சர்ட் ஹென்றி டானி. பிறந்தது 1880-இல், கல்கத்தாவில். அப்பா அங்கே பிரசிடென்சி கல்லூரி முதல்வராக இருந்தவர், ‘கதாசரித்சாகரம்’ என்ற சமஸ்கிருதக் கதைத்தொகுப்பை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். மகன் சிறுவயதிலேயே இங்கிலாந்து போய், ரக்பி பள்ளி, ஆக்ஸ்போர்டு என்று பெரிய இடத்துப் படிப்பு படித்தார்.

அந்தப் படிப்பு அவரை வரலாற்றாசிரியர் ஆக்கவில்லை, 1908-இல் தொடங்கிய தொழிலாளர் வகுப்புகள்தான் ஆக்கின என்பது என் கட்சி. லாங்டனில் மண்பாண்டத் தொழிலாளிகள், ராச்டேலில் நெசவாலைக்காரர்கள். வேலை முடித்து வந்தவர்களுக்குப் பாதி நேரம் பாடம், பாதி நேரம் விவாதம். 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நிலப் பிரச்சினை பற்றி 1912-இல் வந்த முதல் பெரிய நூலின் முன்னுரையில், புத்தகத்தில் கிடைக்காததை நெசவாளிகளும் சுரங்கக்காரர்களும் தம்மைத் தட்டித் தட்டிக் கற்பித்தார்கள் என்று நன்றி சொல்கிறார். நானும் சாயங்கால வகுப்பு எடுத்தவன். வலையை உதறிவிட்டு நேரே வந்து உட்காரும் பையன் கேட்கிற கேள்விக்கு நோட்ஸில் பதில் இருக்காது.

முதல் உலகப் போரில் அதிகாரிப் பதவி வேண்டாம் என்று சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, சார்ஜன்ட் ஆனார். 1916 ஜூலை 1, பிரான்சில் நடந்த சோம் போரின் முதல் நாளில் குண்டடிபட்டு, மறுநாள் வரை இரு படைகளுக்கும் நடுவே வெட்டவெளியில் கிடந்தார். பிழைத்து வந்து, 1931 முதல் 1949 வரை லண்டன் பொருளியல் பள்ளியில் பேராசிரியர். மறைந்தது 1962-இல்.

16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆட்டுக்கு வேலி போட்ட கதையை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்?
(நாட்டுப்படகு மீனவர், மூக்கையூர்)

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், சரி. உங்கள் ஊரில் படகை ஏற்றி வைக்கிற, வலை உலர்த்துகிற, கருவாடு காயப்போடுகிற மணல்வெளிக்கு யார் பேரில் பட்டா? யார் பேரிலும் இருக்காது. தாத்தா காலத்திலிருந்து புழங்குகிறோம், அவ்வளவுதான். அங்கேயும் அதே நிலைமை. குடியானவனுக்குப் பொதுமேய்ச்சல் நிலத்தில் மாடு விடும் உரிமை வழக்கத்தில் இருந்தது. கம்பளிக்கு நல்ல விலை வந்ததும் நிலப்பிரபுக்கள் வேலி அடைத்து ஆடு மேய்த்தார்கள். டானி பண்ணைப் பதிவேடுகளைப் புரட்டி அதன் சூட்சுமத்தைக் கண்டார். அப்பன் செத்து மகன் நிலத்தை எடுக்கும்போது பிரபுவுக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். பல ஊர்களில் அதற்கு வரம்பு கிடையாது. கட்ட முடியாத அளவுக்கு ஏற்றிவிட்டால் குடியானவன் தானே கிளம்பிவிடுவான். அடிதடி வேண்டியதில்லை, கணக்குப்பிள்ளை போதும்.

1549-இல் நார்ஃபோக்கில் ஜனங்கள் வேலிகளைப் பிடுங்கினார்கள். ராபர்ட் கெட் என்பவரின் வேலியைப் பிடுங்க வந்தபோது, அவரே அவர்கள் பக்கம் சேர்ந்து தலைமை ஏற்றார். கடைசியில் அவரை நாரிச் கோட்டையில் தூக்கில் போட்டார்கள்.

அங்கே பதிவேட்டில் குடியானவன் பேராவது இருந்தது. நம்ம கரையில் சொகுசு விடுதிக்கோ இறால் பண்ணைக்கோ கம்பிவேலி போட்டால், பழைய பாதையைக் காட்டக் கிழவர்கள் வாய்தான் சாட்சி. அந்தச் சாட்சியை இப்போதே எழுதி வையுங்கள்: எந்த இடத்தில் கரைவலை இழுத்தது, எந்த வழியாகக் கூடை போனது என்று.

கடன் பற்றி அவர் ஏதாவது எழுதியிருக்கிறாரா?
(கடற்பாசி எடுக்கும் பெண், பாம்பன் சின்னப்பாலம்)

உங்களை நினைத்து எழுதியது போலவே ஒன்று உண்டு. சீனாவுக்குப் போய்வந்து 1932-இல் வெளியிட்ட நூலில், சில மாவட்டங்களின் கிராமத்து ஜனங்கள் எப்போதும் கழுத்தளவு நீரில் நிற்பவனின் நிலையில் இருக்கிறார்கள், ஒரு சிற்றலை வந்தாலே மூழ்கிவிடுவார்கள் என்கிறார். நீங்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையில் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து, இடுப்புப் பையில் போட்டு நிமிரும்போது நிஜமாகவே கழுத்தளவு நீரில்தான் நிற்கிறீர்கள். முன்பணம் வாங்கிய வியாபாரிக்கே, அவர் சொன்ன விலைக்கே பாசி போக வேண்டும் என்றால், ஒரு வாரக் காய்ச்சல்தான் அந்தச் சிற்றலை. மன்னார் வளைகுடாவில் தீவுப்பக்கம் போகத் தடை வந்தது ஆட்டுக்காக அல்ல, பவளப்பாறைக்காக. அதில் நியாயம் உண்டு. ஆனால் யாரைக் கேட்டு எல்லை வகுத்தார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பிரபு பட்டம் கொடுத்தும் வாங்கவில்லையாமே?
(வாசகர், கீழக்கரை)

ஆமாம். லேபர் கட்சிக்கு (பிரிட்டனின் தொழிலாளர் கட்சி, அவருடைய சொந்தக் கட்சி) நான் என்ன கெடுதல் செய்தேன் என்று திருப்பிக் கேட்டாராம்.

எதை முதலில் வாசிக்கலாம்?
(ஆசிரியர் பயிற்சி மாணவர், தொண்டி)

பேர் பெற்றது, மதத்தையும் முதலாளித்துவத்தின் எழுச்சியையும் பற்றிய 1926 நூல். நான் சொல்வது சீன நூலை, சின்னது, பிடித்துக்கொள்ளும். சண்டை பார்க்கும் ஆசை இருந்தால், இடைநிலை நிலவுடைமையாளர்களின் எழுச்சி பற்றிய அவருடைய 1941 கட்டுரையையும், 1953-இல் ட்ரெவர்-ரோப்பர் என்ற இன்னொரு ஆங்கிலேய வரலாற்றாசிரியர் அதைக் கிழித்ததையும் சேர்த்து வாசியுங்கள். நான் டானி பக்கம்தான், ஆனாலும் அவர் பண்ணைகளை எண்ணிக் காட்டிய கணக்கில் ஓட்டை இருந்தது.