குழி யாருடையது?

கேள்வி: மலேசியத் தமிழர்கள் அரசியல் பேச அலுப்பதே இல்லை. ஆனால் எந்த வேலைக்கு எந்த அலுவலகம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். பள்ளியில் குடியியல் சொல்லிக்கொடுத்தும் ஏன் இந்த நிலை?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். பாரம் நிரப்புவதும் அரசாங்கத்துக்குக் கடிதம் அடித்துக் கொடுப்பதும் அந்தத் தொழிலோடு தாமாகவே ஒட்டிக்கொண்டவை. அந்த மேசையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன்.

விழிக்கிறார்கள் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஊர் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். பெயர், கட்சி, காலையில் எந்தக் கடையில் தோசை சாப்பிடுவார் என்பது வரை சொல்வார்கள். அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, எது இல்லை என்பதுதான் தெரியாது.

இது ரப்பர் தோட்டத்தில் பிடித்த பழக்கம். வீடு, தண்ணீர், விளக்கு, பிள்ளைக் கொட்டகை, மருந்துக் கொட்டகை, சாலை எல்லாமே நிர்வாகத்தின் பொறுப்பு. வேலை வாங்கும் தண்டலிடம் சொன்னால் கணக்கு எழுதும் கிராணிக்குப் போகும், கிராணியிடமிருந்து தோட்ட மேலாளரான துரைக்குப் போகும், துரை மனம் வைத்தால் நடக்கும். சட்டமும் அப்படித்தான் இருந்தது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990 ஆம் ஆண்டுச் சட்டம்கூட வீட்டையும் தண்ணீரையும் முதலாளியின் பொறுப்பில்தான் வைத்தது. தோட்டம் தனியார் நிலம். நகராண்மைக் கழகத்தின் குப்பை லாரிக்கு அங்கே வேலை இல்லை. பாட்டி காலத்திலிருந்து அரசாங்கம் என்றால் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு வாசல். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, லயத்து வீடுகளைக் காலி செய்துவிட்டுத் தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி, வீடுகளுக்கு வந்தோம். துரை இருந்த இடத்தில் ஒய்.பி., அதாவது மக்கள் பிரதிநிதி, வந்து உட்கார்ந்தார். சாக்கடை அடைத்தாலும் ஒய்.பி., பிறப்புப் பத்திரம் இல்லையென்றாலும் ஒய்.பி., கோயில் நிலமென்றாலும் ஒய்.பி.

எந்த ஒய்.பி.? இங்கேதான் முதல் சிக்கல். எங்கள் நாடாளுமன்றத் தொகுதிக்குள் லிந்தாங், ஜாலோங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் மக்களவையின் 222 பேரில் ஒருவர், சட்டமன்ற உறுப்பினர் பேராக்கின் 59 பேரில் ஒருவர். இரண்டு பேரையும் மக்கள் ஒய்.பி. என்றே அழைக்கிறார்கள். யார் கையில் எது என்பதைக் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை மூன்று பட்டியலாகப் பிரித்து வைத்திருக்கிறது: கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசுக்கு, ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று, இருவருக்கும் பொதுவானது ஒன்று. கல்வி, காவல், குடியுரிமை எல்லாம் கூட்டரசின் பட்டியலில் வரும். நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் பட்டியலில். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி விவகாரங்கள் ஏன் வருடக்கணக்கில் இழுபடுகின்றன என்று கேட்பவர்களுக்கு விடையின் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது. ஆசிரியரை அனுப்புவது புத்ராஜெயாவில் இருக்கும் கூட்டரசு, நிலம் மாநிலத்தின் விஷயம், அந்த நிலத்தின் பட்டாவோ பல இடங்களில் கம்பெனியின் பெயரில்.

ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளில் குழியில் விழுந்து முழங்கையில் கட்டோடு கடைக்கு வந்தார். ஒய்.பி.க்குச் சூடாக ஒரு கடிதம் வேண்டுமாம். எந்தச் சாலை என்று கேட்டேன். "ரோடு ரோடுதானே தங்கச்சி" என்றார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஊர் நடுவே போகும் பெரிய சாலை கூட்டரசுச் சாலை எண் 1. அது கூட்டரசின் பணம், பொதுப்பணி இலாகாவின் பொறுப்பு. சாலை எண்ணுக்கு முன்னால் 'ஏ' என்ற எழுத்து இருந்தால் அது பேராக் மாநிலச் சாலை. அதையும் பொதுப்பணி இலாகாதான் பார்க்கிறது, ஆனால் சாலை மாநிலத்துடையது. அதன் பராமரிப்புக்குக் கூட்டரசு மாநிலத்துக்கு மானியம் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. தாமானுக்குள் இருக்கும் சந்து நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. அதிலும் வீடு கட்டிய நிறுவனம் சாலையைக் கழகத்திடம் ஒப்படைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த நிறுவனத்தைத்தான் பிடிக்க வேண்டும். செம்பனைக்குள் புகுந்து போகும் குறுக்குவழி தோட்டத்தின் சொந்தச் சாலை. அங்கே விழுந்தால் கம்பெனியோடு பேச வேண்டியதுதான். பெரியவர் விழுந்தது தாமான் சந்தில். கடிதம் கழகத்துக்குப் போனது, நகல் சட்டமன்ற உறுப்பினருக்கு. சூட்டைக் கொஞ்சம் குறைத்துவிட்டேன்.

குப்பைக்கு வேறு கதை. 2007 ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 இல் அமலுக்கு வந்தபோது ஜொகூர், கெடா, நெகிரி செம்பிலான் போன்ற மாநிலங்கள் அதில் சேர்ந்தன, பேராக் சேரவில்லை. ஜொகூரில், குளுவாங்கில் இருக்கும் உறவுக்காரர் தொலைபேசியில் கொடுக்கும் ஆலோசனை இங்கே செல்லாமல் போவதற்கு அதுதான் காரணம்.

இனி பள்ளிக்கூடம். குடியியலும் குடியுரிமைக் கல்வியும் 2005 இல் தனிப் பாடமாக வந்தது, பிறகு போனது. 2019 ஜூன் முதல் மற்ற பாடங்களுக்குள் கலந்து, மாதத்துக்கு ஒரு மணி நேரம் என்று மீண்டும் வந்தது. அதன் மையக் கருத்துகள் அன்பு, மரியாதை, பொறுப்பு, மகிழ்ச்சி. யார் வேண்டாம் என்பார்கள்? சபை கூடும்போது ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாட்டின் ஐந்து கோட்பாடுகளையும் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். நன்னெறிக் கல்வித் தேர்வுக்கு 36 நெறிகளின் விளக்கங்களை வரி பிசகாமல் மனப்பாடம் செய்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் இன்றும் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். அவர்களில் ஒருவரிடம் நாடாளுமன்ற மேலவைக்கு யார் ஆளை அனுப்புகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். 70 பேரில் 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன, மீதி 44 பேர் நியமனம். நல்ல பிள்ளையாக நடந்துகொள்வது எப்படி என்று பள்ளி சொல்லிக்கொடுக்கிறது. அதிகாரம் எந்த வழியாக வருகிறது என்பதற்கு வரலாற்றுப் புத்தகத்தில் சில பக்கங்கள் உண்டு, அவையும் தேர்வோடு மறந்து போகின்றன. ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. குழியின் கதையை வகுப்பில் தொடங்கினால் அது எந்தக் கட்சியில் போய் முடியுமோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கும், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் எங்கள் மாநிலத்துக்கு ஒரு பெரிய வகுப்பு இலவசமாகக் கிடைத்தது. 2009 பிப்ரவரியில் மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் ஆளுங்கூட்டணியை விட்டு விலக, பேராக் அரசு கவிழ்ந்தது. மார்ச்சில் ஈப்போவில் ஒரு மரத்தடியில் சட்டமன்றம் கூடியது. மே 7 அன்று சபாநாயகர் வி. சிவகுமாரை அவையிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றினார்கள். நாட்டில் சபாநாயகரான முதல் இந்தியர் அவர். அந்த நாட்களில் சாப்பாட்டுக் கடைகளில் நடந்த பேச்சை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்! சட்டமன்றத்தைக் கலைக்கும் உரிமை யாருக்கு, மந்திரி பெசார் (மாநில முதலமைச்சர்) மீது நம்பிக்கை இல்லை என்பதை அவைக்கு வெளியே முடிவு செய்யலாமா, சுல்தான் மறுத்தால் என்ன ஆகும் என்று பால்வெட்டும் தொழிலாளிகள் வாதாடினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம், அரசு கவிழ்ந்தபின் பதவிக்கு வந்த ஜாம்ரி அப்துல் காதிரே முறையான மந்திரி பெசார் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் உண்டு, அதை விடுங்கள். தங்கள் ஓட்டின் கதி என்ன என்று தெரிய வேண்டியிருந்ததால் யாரும் சொல்லிக்கொடுக்காமலே கற்றுக்கொண்டார்கள்.

2022 நவம்பர் 19 பொதுத் தேர்தலிலும் ஓரளவு அது நடந்தது. பதினெட்டு வயதில் தானாகவே வாக்காளராகும் முறை அமலுக்கு வந்தபின் நடந்த முதல் பொதுத் தேர்தல். பேராக்கில் சட்டமன்றத்துக்கும் சேர்த்துத் தேர்தல் நடந்ததால் எங்களுக்கு இரண்டு வாக்குச் சீட்டுகள். "கிள்ளானில் இருக்கும் அக்காவுக்கு ஒன்றுதானே, எனக்கு மட்டும் ஏன் இரண்டு?" என்று முதல் முறை ஓட்டுப் போடப் போன ஒரு பெண் என்னைக் கேட்டாள். சிலாங்கூர் தன் சட்டமன்றத்தை அப்போது கலைக்கவில்லை, அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில்தான் அங்கே தேர்தல் நடந்தது. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு கூட்டாட்சி முழுவதையும் ஒரு பாடவேளையில் நடத்திவிடலாம்.

வாக்குச் சீட்டே இல்லாத மூன்றாவது ஓர் அடுக்கும் இருக்கிறது. சாக்கடை, தெருவிளக்கு, சந்தை, கடை லைசென்ஸ் எல்லாவற்றையும் பார்க்கும் கழகத்தின் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1965 வரை ஊராட்சித் தேர்தல் இருந்தது. இந்தோனேசியாவோடு மோதல் நிலவிய காலத்தில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஊராட்சி மன்றங்களை ஆராய அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன், நம்மவர். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்கவில்லை. 1976 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கோலாலம்பூரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, அதில் கார் ஓட்டுகிற எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியுமோ! இன்று ஒரு கழகத்துக்கு 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை மாநில அரசு நியமிக்கிறது, ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகாது. ஆகவே சாக்கடை மேல் இருக்கும் கோபத்தை நாடாளுமன்றச் சீட்டில் காட்டிப் பயனில்லை, அதற்கு மாநிலச் சீட்டுதான். கழகத்தின் கூட்டமும் பொதுமக்களுக்குத் திறந்ததே. வேண்டாம் என்று கூட்டமே தீர்மானித்தால்தான் கதவை மூடலாம்.

அதனால் புத்தகத்தை விட, வீட்டுக்கு வரும் காகிதங்களில் தொடங்கலாம் என்பேன். நில வரி ரசீது மாநிலத்தின் நில அலுவலகத்திலிருந்து வருகிறது, ஆண்டுக்கு இரண்டு முறை கட்டும் மதிப்பீட்டு வரி, அதாவது சுக்காய் பிந்து, கழகத்திலிருந்து வருகிறது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே மாணவனுக்குப் பாதி புரிந்துவிடும்.

எங்கள் தாமான் அம்மா ஒருவருக்கு வீட்டின் மதிப்பை உயர்த்தி அறிவிப்பு வந்தது. ஒய்.பி.யிடம் தூக்கிக்கொண்டு போகவிருந்தார். மறுபரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பு எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம், கழகம் விசாரிக்க வேண்டும், அதிலும் திருப்தி இல்லையென்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம் என்று சட்டமே சொல்கிறது. கடிதம் எழுதினோம், விசாரணைக்குப் போய் வந்தார், மதிப்பு சற்றுக் குறைந்தது, அவர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. விஷயம் பரவி, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து அதே கடிதத்தில் வீட்டு எண்ணை மட்டும் மாற்றி அடித்துத் தரச் சொன்னார்கள். அது எடுபடாது, அவரவர் வீட்டுக்கு என்ன காரணமோ அதை எழுத வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.