நீட்டில் தகுதி பெற்றால் சீட் நிச்சயமா?

அம்மா, உங்கள் மகளின் நீட் மதிப்பெண் 720-க்கு 210. "குவாலிஃபை ஆகிட்டாளே, அப்புறம் ஏன் சீட் வரலை?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2025 நீட்டில் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144. ஓபிசி, எஸ்சி, எஸ்டி பிரிவுகளுக்கு 113. தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். அந்த ஆண்டு நாடு முழுக்க எம்பிபிஎஸ் இடங்களோ 1.3 லட்சத்துக்கும் குறைவுதான். தகுதி பெறாமல் சீட் கிடைக்காது, சரி. அதற்காகத் தகுதி பெற்றாலே கிடைத்துவிடும் என்றாகுமா? அது வரிசையில் நிற்பதற்கான டோக்கன், அவ்வளவே. அதன்பின் ரேங்க், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, கவுன்சிலிங்கில் கொடுக்கும் கல்லூரி வரிசை எல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். 210-க்கு அரசுக் கல்லூரி பெரும்பாலும் எட்டாது. தனியார் கல்லூரியில் அதிகக் கட்டணம் கட்டிச் சேரும் நிர்வாக ஒதுக்கீடு என்றால் ஆண்டுக்குப் பல லட்சம்.

ஏஜென்டுகள் புகுந்து விளையாடுவது இந்தக் குழப்பத்தில்தான். "குவாலிஃபை ஆனா போதும், சீட் கன்ஃபார்ம்" என்று முன்பணம் கேட்பார்கள். தமிழ்நாட்டில் நிர்வாக ஒதுக்கீட்டு இடமும் கவுன்சிலிங் வழியாகத்தான். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மகளின் அப்பா சொல்வது இதற்கு நேர் எதிரான தவறு: "டாக்டர் ஆகலைன்னா அவ வாழ்க்கையே போச்சு." டாக்டரானால் நல்ல வாழ்க்கை அமையலாம். நல்ல வாழ்க்கைக்கு டாக்டராகியே தீர வேண்டும் என்று யார் சொன்னது? எதைச் சொன்னாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது மட்டும் போதுமா? இது இல்லாமல் முடியாதா? இரண்டுக்கும் ஒரே பதில் வர வேண்டியதில்லை.

பிடிஎஸ் எனும் பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம் எல்லாவற்றுக்கும் நீட் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம் படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் சேர்க்கை நடந்து வருகிறது. கால்நடை மருத்துவத்திலும் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் அப்படியே. மகளின் பிளஸ் டூ மதிப்பெண்ணை நீங்கள் எழுதவே இல்லையே!

மறுபடி நீட் எழுத ஒரு வருஷம் பயிற்சி மையத்தில் படிக்கும் லாங் டேர்ம் கோச்சிங் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கூட ஒரு வருஷம் படித்தாலே மதிப்பெண் ஏறிவிடாது. இயற்பியலில் எவ்வளவு, உயிரியலில் எவ்வளவு என்று பாடவாரியாக அனுப்புங்கள். உயிரியலிலேயே தடுமாறியிருந்தால் அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். இயற்பியல் மட்டும் இழுத்துவிட்டிருந்தால், அவளையே என்னிடம் பேசச் சொல்லுங்கள்.