ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் (வாசகர் கேள்வி பதில்)

காற்றழுத்தத்தால் சிறு பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கியான மின்சார ஏர்சாஃப்ட் பற்றி இந்த முறை மூன்று கேள்விகள். பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். மேகசினைக் கழற்றிய பிறகும் பேரலுக்குள் ஒரு குண்டு தங்கியிருக்கலாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஆபத்தில்லாத பக்கம் நோக்கி இரண்டு முறை சுட்டு அதை வெளியேற்றுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகுதான் மற்ற வேலையெல்லாம்.

கேள்வி: செமியில் (ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டு) வைத்துப் பத்துப் பதினைந்து முறை சுட்டதும் ட்ரிகர் செத்துப்போகிறது. ஆட்டோவுக்கு (அழுத்தியிருக்கும்வரை தொடர்ந்து சுடும் நிலை) மாற்றி ஒருமுறை அழுத்தினால் மறுபடி உயிர் வருகிறது. மோட்டாரை மாற்ற வேண்டுமா?

மோட்டாரை இப்போதைக்கு விடுங்கள். ஆட்டோவில் உயிர் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது.

கியர்பாக்ஸுக்குள் மூன்று கியர்கள். மோட்டாரோடு சேர்வது பெவல், நடுவில் ஸ்பர், கடைசியில் செக்டர். செக்டரில் ஒரு பகுதியில்தான் பல் இருக்கும். அந்தப் பற்கள் பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும். பல் தீர்ந்ததும் பிஸ்டன் விடுபட்டு முன்னே பாயும், காற்று குண்டைத் தள்ளும். அதே கியரின் பக்கவாட்டில் ஒரு சிறு மேடு உண்டு. செமியில் சுடும்போது அந்த மேடு கட்-ஆஃப் லீவரைத் தூக்க, லீவர் ட்ரிகரின் மின் தொடர்பைத் துண்டிக்கும். ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டு என்பது இப்படித்தான் நடக்கிறது.

மேடு லீவருக்கு அடியில் இருக்கும்போதே கியர் நின்றுவிட்டால்? லீவர் தூக்கியபடியே இருக்கும். ட்ரிகரை எத்தனை முறை அழுத்தினாலும் மின்சாரம் போகாது. ஆட்டோவில் லீவர் வழியைவிட்டு விலகி நிற்கும், சுற்று முடியும், துப்பாக்கி பிழைத்துக்கொள்ளும். ஆக, கியரைச் சுற்றிமுடிக்க வலு போதவில்லை. அந்த வலு எங்கே போகிறது என்று தேடுங்கள்.

முதலில் மல்ட்டிமீட்டர். 7.4 வோல்ட் லிப்போ (இரண்டு செல் கொண்ட லித்தியம் பாலிமர் பேட்டரி) என்றால் முழு சார்ஜில் 8.4 காட்ட வேண்டும். சும்மா இருக்கும்போதே 7.4-க்குக் கீழே வந்துவிட்டால் சார்ஜ் போடுங்கள். ஒரு செல் 3 வோல்ட்டுக்கு இறங்கவே விடக்கூடாது.

என்னிடம் வந்த ஒரு துப்பாக்கியில் பேட்டரி சரியாக 8.4 காட்டியது. ஆனாலும் இதே நோய். பத்து முறை சுட்டுவிட்டு ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். பேட்டரி கனெக்டர் விரலைச் சுட்டது. கழற்றிப் பார்த்தால் ஒரு பின் எரிந்த தீக்குச்சி மாதிரி கறுத்திருந்தது. சும்மா இருக்கும்போது மீட்டரில் குறை தெரியாது, மோட்டார் இழுக்கும்போதுதான் அந்தப் பின் மின்சாரத்தைத் தின்னும். கனெக்டரை மாற்றியதோடு சரியாகிவிட்டது. கியர்பாக்ஸைத் திறக்கவே இல்லை.

உங்களுடையதில் கனெக்டர் குளிர்ச்சியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ட்ரிகர் காண்டாக்ட் கருகியிருப்பது. ஸ்பிரிங்கை அண்மையில் கடினமானதாக மாற்றியிருந்தால் அதுவும் காரணமாகலாம்.

கேள்வி: 11.1 வோல்ட் பேட்டரி போட்டு ஒரு வாரம் பிரமாதமாக ஓடியது. இப்போது மோட்டார் 'வீய்ங்' என்று சுற்றுகிறது, குண்டு வரவில்லை.

பிஸ்டனின் பல் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கியர் வேகம் கூடிவிட்டது, ஸ்பிரிங் பழையது. பிஸ்டன் முன்னே போய்ச் சேரும் முன்பே செக்டரின் அடுத்த சுற்றுப் பல் வந்து அதைப் பிடித்துவிடும். பிளாஸ்டிக் பல் எத்தனை நாள் தாங்கும்?

ஆனாலும் எளிய சோதனையை முதலில் செய்யுங்கள். கைப்பிடியின் அடிமூடியைக் கழற்றி மோட்டாரை வெளியே எடுத்து, அதன் நுனியில் இருக்கும் பினியன் கியர் தண்டில் தளர்ந்து சுற்றுகிறதா என்று பாருங்கள். அது உறுதியாக இருந்தால்தான் கியர்பாக்ஸ்.

திறக்கும்போது ஸ்பிரிங் முகத்தை நோக்கிப் பாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஸ்பிரிங் கைடு (ஸ்பிரிங்கை உள்ளிருந்து தாங்கும் தண்டு) தெரியும் துளையில் நீளமான ஸ்க்ரூடிரைவரை நுழைத்து, அதை ஒரு கையால் பிடித்தபடியே கியர்பாக்ஸின் மேல்பாதி மூடியைத் தூக்குங்கள். பழைய கிரீஸை முழுக்கத் துடையுங்கள். அதில் கலந்திருக்கும் பல் துகள் ஒன்று மிச்சமிருந்தாலும் புதுப் பிஸ்டனுக்கும் அதே கதிதான். அப்புறம் 7.4-க்குத் திரும்பிவிடுங்கள்.

பூட்டியபின் கிரீச்சென்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். பல மாடல்களில் கைப்பிடி அடியிலேயே மோட்டார் உயரத்துக்கான திருகு இருக்கும். கால் சுற்றுக்கு மேல் ஒரேயடியாகத் திருப்பாமல், ஒவ்வொரு முறையும் சுட்டுக் கேளுங்கள். கிரீச் போய் ஒரே சீரான சத்தம் வரும் இடம் காதுக்கே தெரியும்.

கேள்வி: பேரலுக்குள் சிலிக்கோன் ஆயில் அடித்தேன். அதிலிருந்து குண்டுகள் பாதி தூரத்திலேயே விழுகின்றன.

பேரலின் தொடக்கத்தில் இருக்கும் ஹாப்-அப் என்ற ரப்பர் குண்டின் தலையை உரசிப் பின்சுழற்சி கொடுப்பதால்தான் அது தூரம் போகிறது. ரப்பர் வழுக்கினால் சுழற்சி இல்லை. துப்புரவுக் கம்பியில் உலர்ந்த துணியைச் சுற்றி, ஹாப்-அப் அழுத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு, துணியில் எண்ணெய் தெரியாதவரை பேரலைத் துடையுங்கள். அதன்பின் முதல் சில குண்டுகள் தாறுமாறாகப் போகும், பிறகு நேராகிவிடும்.